மண்டையோட்டுப் பாட்டு

அந்தக் குளிர்கால விடுமுறையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் அம்மா, பெரியம்மா, மாமா, நான். இல்லாதவர்கள் இருவர். அப்பா கரும்பு லாரி ஓட்டுபவர். வெட்டு தொடங்கிவிட்டால் விடியுமுன் போய் இருட்டிய பிறகுதான் வருவார் என்பதால் அவரை இல்லாதவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். இன்னொருத்தி என் தங்கை. விடுமுறைக்குச் சற்று முன்னால் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். பிறக்கும்போதே மூச்சில்லை என்றார்கள். அவளை யாரும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஆகவே அவள் இல்லை என்று யாரும் சொல்லவும் இல்லை.

நாங்கள் எங்கள் தீவின் நடுவே, பீனிக்ஸ் என்ற ஊரில் இருந்தோம். காற்று ஒரு பக்கமிருந்து அடித்தால் பீர் ஆலையின் அவித்த தானிய வாசனை வரும். மறுபக்கமிருந்து அடித்தால் துணி ஆலைகளின் சாய வாசனை. அம்மா வேலை பார்த்தது ஐரோப்பியக் கடைகளுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில். காலர் மட்டும் தைப்பாள். முழுச் சட்டை எப்படி இருக்கும் என்று கேட்டால், அது அடுத்த வரிசைக்காரிகளுக்குத்தான் தெரியும் என்று சொல்லிச் சிரிப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தபடியே இருந்தாள். தேநீரைக் கையில் கொடுத்தால் குடிப்பாள், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டாள். பேச்சே இல்லை.

பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, லாங் மவுண்டன் கிராமத்திலிருந்து தன் சொந்தக் குழம்புச் சட்டியோடு வந்து இறங்கியிருந்தாள். நல்லவள். ஆனால் நல்லது செய்வதைக் கொஞ்சம் சத்தமாகச் செய்பவள். வந்த வேகத்தில் சமையல், துணி, கோழிக்கூண்டு எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டு, கடைசியில் என்னையும் எடுத்துக்கொள்வதாக அப்பாவிடம் பேசி முடித்துவிட்டாள். பள்ளி திறப்பதற்குள் அம்மா எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டால் நான் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் லாங் மவுண்டன், அங்கேயே பள்ளி. அப்பா தலையாட்டிவிட்டார். எங்கள் குடும்பத்தில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வருடம் தவறாமல் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான்தான். அதனால் என் படிப்பு கெடக்கூடாது என்பது பெரியம்மாவின் நியாயம். என் கவலை படிப்பு அல்ல. நான் போய்விட்டால் அம்மா அந்தச் சுவரை விட்டுத் திரும்பவே மாட்டாள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பகலெல்லாம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா இந்த நிலையில்தான் வந்தார். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தம்பி. வடக்குக் கரையில் ஒரு கடற்கரை ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. குளிர்காலத்தில் ஆட்கள் குறைவு என்று விடுப்பு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு தோளில் ரேடியோ கேசட் பெட்டி, இன்னொரு தோளில் பை. பை நிறையக் கேசட்டுகள். சுற்றுலாக்காரர்கள் அறையில் மறந்துவிட்டுப் போவதை ஓட்டலில் கொஞ்ச நாள் எடுத்து வைப்பார்களாம். யாரும் தேடி வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே கொடுத்துவிடுவார்களாம். மற்றவர்கள் கண்ணாடி, தொப்பி, வாசனைத் தைலம் என்று வாங்கிக்கொண்டார்கள். மாமா கேசட்டைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

மாமாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. உறையில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கு முக்கியமும் இல்லை. விட்டுப்போனவர் யார், அதைக் கேட்பதற்கு முன் அவர் எப்படி இருந்தார், கேட்ட பிறகு எப்படி ஆனார் என்பதைத்தான் ஞாபகம் வைத்திருந்தார். அம்மாவின் கட்டிலருகே கேசட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார். (வீட்டில் நாங்கள் பேசியது தீவின் மொழியான கிரியோல். தமிழ் எங்களுக்குக் கோவிலிலும் பள்ளித் தமிழ் வகுப்பிலும்தான். இங்கே எல்லோரையும் தமிழில் பேச விட்டிருக்கிறேன்; ‘ஆயோ’ மட்டும் அவர்கள் சொன்னபடியே.)

“இது பெண்டாட்டி விட்டுப்போன ஜெர்மன்காரர். வந்ததிலிருந்து ரூமை விட்டு வெளிய வரல. இதையே திருப்பித் திருப்பிப் போட்டார். அப்புறம் ஒரு நாள் பார்த்தா படகுல நின்னு பாடிட்டிருக்கார். இது வேலை போன இங்கிலீஷ்காரர். காலையில எழுந்திருக்கவே மனசில்லாதவங்களுக்கு இது. இதோ, உறையில இந்த முடி வளர்த்த ஆளுங்க, கோபத்தை உள்ளேயே வச்சிருக்கிறவங்களுக்கு.”

“இது என்ன, மருந்துக்கடையா?” என்றாள் பெரியம்மா.

“மருந்துக்கடையில காசு கேப்பான் பெரியக்கா. நான் கேக்கல.”

“சாவு வீட்டுல பாட்டுப் போடுவியா நீ? அதுவும் வெள்ளைக்காரன் கத்தற பாட்டு?”

“சாவுன்னு வாயைத் திறக்கக்கூடாதுன்னு நீதானே சொன்னே? சின்னக்கா காதுல விழக்கூடாதுன்னு?”

பெரியம்மா கரண்டியைச் சட்டியில் தட்டினாள். பிறகு, கோவில் ஐயர் சரியென்று சொன்னால் போட்டுக்கொள், சொல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போ என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஐயர் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர். வேகமாக, நிஜத் தமிழ் பேசுவார். மாமாவுக்குத் தெரிந்த தமிழ் சாமி, பூசை, பிரசாதம். ஆகவே வகுப்பில் தமிழ் படிக்கும் என்னை மொழிபெயர்ப்பாளனாக அழைத்துப் போனார். எனக்கு ஒரே பெருமை. பாடப்புத்தகத் தமிழில் நின்று நிதானமாகக் கேட்டேன்: “ஐயா, எங்கள் வீட்டில் பாட்டுப் போடலாமா?”

“என்ன பாட்டுப்பா?”

நான் மாமாவைப் பார்த்தேன். “நல்ல பாட்டுன்னு சொல்லு,” என்று மாமா கிரியோலில் முணுமுணுத்தார்.

“நல்ல பாட்டு, ஐயா. என் தங்கை பிறந்தாள். மூச்சு இல்லை. அம்மா பேசுவது இல்லை.”

ஐயர் கையிலிருந்த பூக்கூடையைக் கீழே வைத்தார். “குழந்தைக்குப் பேர் வெச்சாளா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “பேர் வைக்காத குழந்தைக்குக் கருமாதி கிடையாதுப்பா. பதினாறாம் நாளும் கிடையாது. வீட்டுல துக்கம் காக்கணும்னு இல்லை. பாட்டுப் போடலாம். அம்மா மனசுக்கு நல்லதுதான்” என்று சொல்லி என் நெற்றியில் திருநீறு பூசினார்.

திரும்பும் வழி முழுக்க அந்த வாக்கியங்களை மறந்துவிடாமல் இருக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். வாசலில் கால் வைத்ததும் வீடு முழுக்கக் கேட்கும்படி கிரியோலில் கத்தினேன்: “ஐயர் சொல்லிட்டார்! பாப்பாவுக்குப் பேர் இல்ல, அதனால அதுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாமாம்! பாட்டுப் போடலாமாம்!”

மாமா பெரியம்மாவைப் பார்த்து ஓட்டல் பாணியில் இடுப்பை வளைத்து வணங்கினார். கட்டிலில் அம்மாவின் முதுகு ஒரு தடவை அசைந்தது. குளிருகிறதோ என்று போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

வைத்தியம் தொடங்கியது. முதலில் ஒரு மெதுவான பாட்டு. ஒற்றைக் கித்தார், மழைச்சொட்டு மாதிரி விரல் சத்தம், ஏதோ ஒரு மனிதர் தனக்குத் தானே பேசிக்கொள்வது போன்ற குரல். கவலைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்று மாமா சொல்லியிருந்தார். அம்மா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். “தப்பு மருந்து,” என்று மாமா பட்டென்று நிறுத்தினார்.

அடுத்து வேலை போன இங்கிலீஷ்காரர். பாரம் ஏற்றிய லாரி மேட்டில் உறுமிக்கொண்டு ஏறுவதுபோல் ஒரு பாட்டு; மேலே போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் கூடிக் கத்துவார்கள். நானும் மாமாவும் ஆடினோம். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மாவின் தலைகூடத் தாளத்துக்கு ஆடியது. நாங்கள் பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அம்மா அசையவில்லை. ஜெர்மன்காரர் பாட்டுக்கும் அசையவில்லை. முடி வளர்த்தவர்களுக்கும் அசையவில்லை. விடுமுறை கரைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் நான் முற்றத்திலிருந்து வந்து பார்த்தால், என் பள்ளிச் சப்பாத்துகளுக்குப் பெரியம்மா மை போட்டுப் பளபளவென்று வைத்திருந்தாள். பக்கத்தில் என் சட்டைகள் மடித்து வைத்த பை. நான் கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். மாமா தேடிக்கொண்டு வந்தார்.

“இன்னும் ஒண்ணு இருக்குடா மருமகனே,” என்றார். “போடலாமா வேண்டாமான்னு எனக்கே பயமா இருக்கு.”

அதன் உறையில் ஒரு மண்டையோடு; கண்குழிகளில் நெருப்பு. அம்மாவைப் பறிகொடுத்து அப்பாவோடு வந்திருந்த ஒரு பையன் விட்டுப்போனதாம். விளம்பரத்தில் வருவது போன்ற கடல் பக்கத்திலேயே இருந்தும், கதவைச் சாத்தி, நாள் முழுக்க இதை அலற விட்டுக்கொண்டிருப்பானாம். அடுத்த அறைக்காரர்கள் புகார் சொல்ல, சத்தத்தைக் குறைக்கச் சொல் என்று மாமாவை அனுப்பினார்களாம். மாமா போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாத்திவிட்டு வந்துவிட்டாராம்.

“ஏன் மாமா சொல்லல?”

“சொல்லத் தோணல,” என்றார்.

அன்று பகல் அதைப் போட்டோம். பாட்டு என்று சொல்வதற்கு முன்னால் அது ஒரு இடி. இடிக்குப் பின் கித்தார்கள், இரும்பை இரும்பில் தேய்ப்பதுபோல். அதற்குள்ளிருந்து ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

“ஆயோ! யாருடா பன்னியை அறுக்கிறது?” என்று காதைப் பொத்திக்கொண்டு பெரியம்மா முற்றத்துக்கு ஓடினாள்; ஓடிய வேகத்தில் காயாத துணிகளையெல்லாம் கொடியிலிருந்து உருவத் தொடங்கினாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். போர்வைக்குள் அவளுடைய வலது பாதம் அசைந்தது. அழுத்தியது, விட்டது, அழுத்தியது, விட்டது.

“கூட்டு,” என்றாள் அம்மா.

மாமா சத்தத்தைக் கூட்டினார்.

“இன்னும்.”

மறுபடி கூட்டினார். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். காலைத் தரையில் ஊன்றினாள். தையல் மெஷின் கட்டையை மிதிப்பதுபோல் அந்தப் பாதம் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது. மடியில் அவள் கைகள், அங்கே இல்லாத துணியை முன்னால் தள்ளின. “மெஷின் ஹால் மாதிரி இருக்கு,” என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

அந்த ஹாலை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அத்தனை மெஷின்களும் ஒன்றாக ஓடும்போது தன் குரல் தனக்கே கேட்காது. பெண்கள் உதட்டசைவை வைத்தே பேசிக்கொள்வார்கள். காலையிலிருந்து மாலைவரை அந்த இரைச்சலுக்குள்ளேயே இருந்து பழகியவளை, இத்தனை நாளும் வீட்டைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு, கதவைக்கூட மெதுவாகச் சாத்தி நாங்கள் தேற்றிக்கொண்டிருந்தோம்.

பாட்டு உச்சத்துக்குப் போனபோது அம்மாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. தலை குனிந்து, முடி முன்னால் விழுந்து, உடம்பே குலுங்கியது. “மாமா! அம்மா ஆடறாங்க!” என்று நான் துள்ளினேன்.

மாமா அவளைப் பார்த்தார். பிறகு திருகியை அது திரும்பும் எல்லைவரை திருப்பினார். என் காதருகே குனிந்து, “ஆமாடா. ஆடட்டும். நீ போய் வாசல்ல நில்லு. யாரையும் உள்ள விடாதே” என்று கத்தினார்.

நான் காவலுக்கு நின்றேன். அம்மாவோடு வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரி என்ன சத்தம் என்று கேட்டு வந்தாள். “அம்மா ஆடறாங்க,” என்றேன். அவள் என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டாள். திரும்பிப் போய்விட்டாள். ஒரு குடும்பப் பெண் இந்த மாதிரிப் பாட்டுக்கு ஆடலாமா என்று அதிர்ந்துவிட்டாள்போல என்று நினைத்தேன். ஆடினால் ஆடட்டும், எழுந்துவிட்டாளே!

மாலையிலும் அதே கேசட் ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார். வழக்கத்தைவிடச் சீக்கிரம். உடம்பெல்லாம் எரித்த கரும்பின் கரி. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளேயே வரவில்லை. படியில் உட்கார்ந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல், கேசட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மாமாவிடம், “நாளைக்கும் போடு,” என்றார்.

போட்டோம். தினமும் மண்டையோடு. அது ஓடும்போது அம்மா கட்டில் விளிம்பில் இருப்பாள். ஓய்ந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள். பிறகு அடுப்படிக்கு வந்தாள். பருப்பு வேகவைத்தாள். மற்றப் பாட்டுகளையும் கேட்க ஆரம்பித்தாள். ஜெர்மன்காரர் மோசமில்லை என்றாள். பெரியம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பட்டாணி உரித்தாள். என் பையிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தவளும் அவள்தான். தன் குழம்புச் சட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறும்போது, “உன் கத்தல் மருந்து வேலை செய்யுதுடா, பாவி,” என்று மாமாவின் தலையில் குட்டினாள்.

அந்த வருடக் கடைசியில் மாமா உல்லாசக் கப்பல் ஒன்றில் வேலை கிடைத்துப் போனார். கேசட் பையும் அவரோடு போயிற்று. கப்பலிலிருந்து வேறொரு நாட்டில் இறங்கி அங்கேயே இருந்துவிட்டார். எப்போதாவது ஒரு பட அட்டை வரும். கடல், எப்போதும் கடல். நான் இப்போது தலைநகர் போர்ட் லூயிஸில் ஓர் அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். மதிய இடைவேளையில் பாட்டுக்கடைகளில் நிற்பது வழக்கம். ஆனால் அந்தப் பாட்டுகளின் பெயர் எதுவும் எனக்குத் தெரியாது. மாமா வைத்த பெயர்கள்தான் தெரியும். பெண்டாட்டி விட்டுப்போன ஜெர்மன்காரர் பாட்டு இருக்கிறதா என்று கடையில் கேட்க முடியாது. ஒரு தடவை வாயால் முனகிக் காட்டினேன். கடைப் பையன் மரியாதையாக வேறு எதையோ எடுத்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு வந்தேன். அது இல்லை.

உண்மையில் நான் தேடுவது பாட்டுகூட இல்லை. அந்தக் கடைசி நாட்களில் பெட்டி அலறிக்கொண்டிருக்கும்போது அம்மா அடுப்படியிலிருந்து திரும்பி எனக்கு எதையோ சொல்வாள். கேட்காது. “என்னம்மா?” என்று கத்துவேன். அவள் குரலை உயர்த்தமாட்டாள். ஹாலில் பேசுவதுபோல் உதட்டை மட்டும் நிதானமாக அசைத்துத் திரும்பச் சொல்வாள். தட்டை எடு என்றோ, உப்பு போதுமா என்றோதான் இருக்கும். இன்னும் ஒரே ஒரு தடவை அந்த இரைச்சலுக்கு நடுவில் நின்று, அவள் உதட்டைப் பார்த்து, என்னவென்று புரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

அந்த விடுமுறையின் முடிவில், பள்ளி திறப்பதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, அம்மா தலைக்குக் குளித்தாள். மஞ்சள் சேலை கட்டினாள். கோவிலுக்குப் போகலாம் என்றாள். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். வைத்தியம் பலித்துவிட்டது, சாமிக்கு நன்றி சொல்லப் போகிறோம் என்று மூவரும் போனோம்.

அம்மா அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். ஐயர் அதை வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார். அது அம்மாவுக்கே புரிந்தது. கோவிலில் எல்லோரிடமும் கேட்பதுதானே. அவள் கொஞ்ச நேரம் தட்டிலிருந்த தேங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தேவிகா,” என்றாள்.

அந்தப் பெயரில் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. ஐயர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டது அவர் முகத்தில் தெரிந்தது. தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவருக்குப் பெயர் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து நான் உரக்கச் சொன்னேன்: “தேவிகா, ஐயா!”

“கேட்டதுப்பா,” என்றார் மெதுவாக. “நட்சத்திரம் தெரியுமா?”

கிரியோலில் அம்மாவிடம் கேட்டேன். தெரியாது என்று தலையசைத்தாள். “கைக்குழந்தைன்னு சொல்லு,” என்றாள். சொன்னேன். தொழிற்சாலையில் யாரோ ஒருத்திக்குப் பிள்ளை பிறந்திருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

ஐயர் உள்ளே போனார். மந்திரத்தின் நடுவே அந்தப் பெயர் மட்டும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. சூடம் காட்டி, தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, “குழந்தை நன்னா இருப்பாம்மா,” என்றார்.

“என்னடா சொன்னார்?” என்றார் மாமா.

“பாப்பா நல்லா இருக்குமாம்.”

எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும் மாமா, தூண் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். அன்று பாட்டும் போடவில்லை. அம்மா உடைத்த தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். எனக்குத்தான் மனத்தாங்கல். லாரி ஓட்டும் அப்பா பெயருக்கு இல்லை, இத்தனை நாள் பாடுபட்ட மாமா பெயருக்கு இல்லை, பரீட்சை எழுதப்போகும் என் பெயருக்கும் இல்லை. முகம் தெரியாத ஏதோ ஒரு பிள்ளைக்காகத் தேங்காய், பழம், பூ, சூடம், அர்ச்சனைச் சீட்டு என்று எல்லாம் சேர்த்து ஏழு ரூபாய்.